மடியில் வைத்தால் லக்கேஜ் இல்லை

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்புதான், புத்தி இன்னும் டூட்டியில் இருக்கிறது. பல் டாக்டரிடம் கூட்டிப்போனால், அங்கே பெஞ்சில் இருப்பவர்களை "கொஞ்சம் உள்ள தள்ளி உட்காருங்க, இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம்" என்று நகர்த்திக்கொண்டிருப்பார். பல்வலிக்காரர்கள் முறைப்பார்கள். இவருக்கு உறைக்காது. டிப்போவில் இவருக்கு 'விசில்' என்று பட்டப்பெயர். இந்த மனுஷனோடுதான் நான் முதல்முறையாக விமானம் ஏறப் போனேன்.

ஆசைக்கு ஏறப் போகவில்லை. என் தங்கை வெளியூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா போன பிறகு பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் பென்சில் சீவியது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, ஜுரத்துக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் அவள் ஒருத்திக்குத்தான். 'வாண்டு' என்று பெயர் வைத்தது இவர். கல்யாணமாகி, வேறு ஊர் போய், தலை நரைத்த பிறகும் அவள் வாண்டுதான். அவளும் இவரை 'மாமா' என்று கூப்பிட்டதைவிட 'விசிலு' என்று கூப்பிட்டதுதான் அதிகம். "என்னடி மரியாதை இல்லாம" என்று நான் அதட்டினால் இரண்டும் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் புருஷன் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர்தான் போன் செய்தார். "அக்கா, பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துடட்டும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார். போனை அவளிடம் கொடுத்தார். அவள் என்னைக் கேட்கவில்லை, "மாமாகிட்ட குடு" என்றாள்.

"மாமா, இங்க ரொம்பக் குளிருது. எத்தனை போர்த்தினாலும் போக மாட்டேங்குது. டிப்போ கம்பளிய எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் சீக்கிரம் வாங்க."

டிப்போ கம்பளி என்பது ராத்திரி டூட்டிக்காரர்களுக்கு ஒரு காலத்தில் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளி. தடிமனானது, உடம்பில் பட்டால் குத்தும். ஒரு மூலையில் சிவப்பு நூலில் டிப்போ எண் தைத்திருக்கும். வாண்டு வந்த முதல் வாரமே அதைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தச் சிவப்பு நூலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே தூங்குவாள். இவர் ராத்திரி டூட்டிக்கு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போனார். கேட்டால், "எனக்கு என்ன, எஞ்சின் சூட்டிலயே காலத்தை ஓட்டிடுவேன்" என்பார்.

பஸ்ஸில் போனால் ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். அதுவரை அவள் தாங்க வேண்டுமே. அதனால்தான் விமானம்.

தெருமுனை மொபைல் கடைக்காரர் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டாகப் பார்த்துப் போட்டுத் தந்தார். போட ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டது. பெட்டி உண்டா, அதற்குத் தனிக் காசு. முன்னால் ஏற வேண்டுமா, அதற்குத் தனி. சாப்பாடு, காப்பீடு, கால் நீட்டும் இடம், எல்லாவற்றுக்கும் தனித்தனி. இவர் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வேண்டாம்னு போடுங்க, வேண்டாம்னு போடுங்க" என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். இடம் தேர்ந்தெடுக்கவும் காசு என்றதும் இவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"சீட்டுக்குமா காசு? அப்ப டிக்கெட் எதுக்கு? நின்னுட்டுப் போறதுக்கா?"

"கட்டலைன்னா உங்களையும் அம்மாவையும் வேற வேற இடத்துல போட்டுடுவான் சார்."

"போடட்டும். ஏறின பிறகு ரெண்டு பேரைத் தள்ளி உட்காரச் சொன்னா ஆச்சு. நான் பார்க்காத கூட்டமா?"

விமான நிலையத்தில் முதல் கவுன்ட்டரிலேயே இவர் மூக்கு உடைந்தது. போர்டிங் பாஸை வீட்டிலேயே அச்சடித்துக்கொண்டு வரவேண்டுமாம். வராததற்கு ஒரு கட்டணம். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். "ஏண்டி, டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிறதுக்கு நான் யார்கிட்டயாவது காசு கேட்டிருக்கேனா?" என்று என்னிடம் வந்து கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பாஸைப் பார்த்தால் எனக்கு ஒன்பதாவது வரிசை, இவருக்கு இருபத்தேழு.

"இப்படியும் பிரிப்பானுங்களா?" என்றார்.

"வேண்டாம்னு போடச் சொன்னது நீங்கதானே" என்றேன்.

ஏறும் வாசலில் ஒரு இரும்புக் கூண்டு வைத்திருந்தார்கள். கைப்பை அதற்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் காசு. வரிசையில் நின்றவர்கள் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது. ஒருவர் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தார். ஒரு பெண்மணி பையிலிருந்த புத்தகங்களைக் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரின் பெட்டி சக்கரத்தால் இடித்தது. அவர் பெட்டியைத் தரையில் சாய்த்து, சக்கரத்தைக் காலால் உதைத்து உடைத்தார். பெட்டி அடங்கியது. உடைந்த சக்கரத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார். காசு கொடுத்து வாங்கின பெட்டியை மனுஷன் இப்படி உதைக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் பை பாதி போய் நின்றுவிட்டது. கம்பளி உப்பிக்கொண்டிருந்தது.

"கட்டணம் ஆகும் சார்" என்றாள் வாசலில் இருந்த பெண். தொகையைச் சொன்னாள். நாங்கள் வாங்கிய ஒரு டிக்கெட்டைவிட அது அதிகம்.

"என்னம்மா சொல்றீங்க? ஆளை ஏத்துறதைவிடக் கம்பளிய ஏத்துறதுக்கு அதிகமா?"

"விதி சார்."

"எனக்கே விதி சொல்றீங்களா? முப்பது வருஷம் லக்கேஜ் டிக்கெட் கிழிச்சவன்மா நான். மடியில வச்சுக்கிறதுக்கு லக்கேஜ் கிடையாது. இதை நாங்க மடியிலதான் வச்சுக்கப் போறோம். அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போற மூட்டைக்கு நான் ஒருநாளும் லக்கேஜ் போட்டதில்ல."

"பஸ்ல வேற சார். இங்க நான் விட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்க."

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து நிற்கிறாள் போலிருக்கிறது. நான் ஹோட்டல் சலவைப் பிரிவில் பெட்ஷீட் மடிக்கிறவள். அந்தக் கால்வலி எனக்குத் தெரியும்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து கம்பளியை வெளியே எடுத்தேன். தொழில் கற்ற கை. காற்றைத் தட்டி எடுத்து, மூன்றாக மடித்து, இறுக்கிச் சுருட்டிப் பார்த்தேன். அது பாட்டுக்கு மறுபடி உப்பியது. சீ, போ என்று எழுந்தேன். உதறி, உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். பை கூண்டுக்குள் பொத்தென்று விழுந்தது.

"உடுத்தியிருக்கிறதுக்குக் காசு உண்டாம்மா?" என்று கேட்டேன்.

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "இல்லம்மா. நீங்க போங்க."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். இவர் தோளில் மாத்திரைப் பையும், கையில் வாண்டுவுக்கு வாங்கிய ஆரஞ்சுப் பையும் இருந்தன. ஒரு ஆளுக்கு ஒரு பைதானாம். ஆரஞ்சை விட்டுவிட்டு வாருங்கள், இல்லையென்றால் காசு என்றாள்.

"விட்டுட்டு வாங்களேன்" என்றேன். "அவ எங்க ஆரஞ்சு சாப்பிடப் போறா?"

"அது இல்லடி விஷயம்." இவர் குரல் நிதானமாகிவிட்டது. அதுதான் ஆபத்து. கத்தினால் அடங்கிவிடுவார், நிதானமானால் முடிந்தது கதை. "அம்மா, கம்ப்ளெயின்ட் புக் கொண்டாங்க. எழுதிட்டு ஏறறேன்."

"ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு சார்."

"அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் கொண்டாங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் தகராறு என்றால் இவர் விசில் அடிப்பார், டிரைவர் ஓரம் கட்டுவார். தகராறு தீர்ந்து இவர் மறுபடி விசில் அடிக்கும்வரை வண்டி அங்கேயேதான் நிற்கும். ஒருமுறை ஆட்கள் நிறைந்த வண்டியோடு போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிருக்கிறார். முப்பது வருஷம் உலகம் இவருக்கு அப்படித்தான் நடந்தது. தகராறு முடியாமல் வண்டி எடுப்பார்கள் என்பது இவர் கணக்கிலேயே இல்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு என்றார்கள். "ஏங்க, கூப்பிடறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போயிடும்? நீ முன்னாடி போய் இடம் போட்டு வை. நான் இதை முடிச்சிட்டு வர்றேன்."

எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, உடம்பில் கம்பளி வேறு குத்துகிறது. இந்த மனுஷனோடு இன்னும் ஒரு தகராறுக்குப் பக்கத்தில் நிற்கத் தெம்பில்லை. சரி, வாங்க என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

இடத்தில் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பார்த்தேன். ஆள் வருவதாகத் தெரியவில்லை. போன் போட்டேன்.

"எழுதியாச்சு. அவங்க கையெழுத்துதான் பாக்கி. இடம் போட்டியா?"

"கதவை மூடிட்டாங்கங்க."

"மூடட்டும். ஒரு தட்டு தட்டினா தொறக்கப் போறாங்க."

விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் வெளியே இருக்கிறார் என்றேன். கேட் மூடியாச்சும்மா, இனி தொறக்க முடியாது என்றாள். போன் என் காதிலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கட்டடம் மெதுவாக நகர்ந்தது.

"ஏங்க, நகருதுங்க."

"எது?"

"வண்டி. பின்னால போகுது."

கண்ணாடிச் சுவர் வழியாக அவரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். "ஆமா, போகுது" என்றார். அதற்குள் போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

என் பக்கத்து இடத்தில் ஒரு தாய். நிமிஷத்துக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். ஏழு வயசு மகளைப் பின்னால் தனியாக உட்கார வைத்துவிட்டார்களாம். "சின்னக் குழந்தைதானே, பக்கத்துலயே போட்டுடுவாங்கன்னு நெனச்சேங்க. சீட்டுக்குக் காசு கட்டலை" என்றாள். அவள் கண் தளும்பிக்கொண்டிருந்தது. எந்த வரிசை என்றேன். இருபத்தேழு என்றாள்.

"அந்த வரிசையில ஒரு இடம் காலியாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் சீட்டு. போய் உட்காரு."

பணிப்பெண் வந்து, ஒதுக்கின இடத்தில்தான் உட்கார வேண்டும், மாறுவதற்குக் கட்டணம் உண்டு என்று தொடங்கினாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"அது எங்க சீட்டு. முழுக் காசு குடுத்து வாங்கினது. ஆளைத்தான் வெளியில விட்டுட்டீங்க, சீட்டையாவது எங்களுக்கு விடுங்க. அதுல இந்தப் பொண்ணு உட்காரணும்னு நான் சொல்றேன்."

தலையோடு கம்பளி போர்த்திய ஒரு கிழவி கத்துகிறாள், பைத்தியமோ என்று நினைத்திருப்பாள். விட்டுவிட்டாள். அந்தத் தாய் எழுந்து பின்னால் ஓடினாள். இவர் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். விமானம் முழுவதையும் தள்ளி உட்கார வைத்திருப்பார். என் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. இடம் போட்டாயிற்று, ஆள்தான் இல்லை. கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். கோபமா, பரிதாபமா, எதற்கு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வாண்டு கண் விழித்துத்தான் இருந்தாள். குச்சியாகப் போயிருந்தாள். கம்பளியைப் போர்த்தியதும் அவள் கை அதுவாகவே மூலையைத் தேடிப்போய்ச் சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டது.

"விசில் எங்கக்கா?"

என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன். கூண்டு, கம்பளி, ஆரஞ்சு, கம்ப்ளெயின்ட் புக் எல்லாவற்றையும். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள். "பிளேனை நிக்க வச்சு எழுதப் பார்த்தாரா? ஐயோ, என் விசிலு" என்று வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவருக்கு வேறு விமானம் கிடைக்காமல் இல்லை. டிக்கெட்டை மாற்ற ஒரு கட்டணம், அதன்மேல் அன்றைய விலை. கேட்டுவிட்டு, நேரே பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். ஓய்வு பெற்ற கண்டக்டர் பாஸ் இருக்கிறதே, அதில் ஏறிவிட்டார். சாயங்காலம் போன் கிடைத்தது. ஒலியைக் கூட்டி வாண்டுவின் காதருகில் வைத்தேன்.

"விசிலு, எங்க இருக்கீங்க?"

"பாதி தூரம் வந்துட்டேன் வாண்டு. கண்டக்டர் நம்ம ஆளுதான். எங்கயும் நிக்காம ஓட்டச் சொல்லியிருக்கேன்."

அப்போது கால் தூரம்கூட வந்திருக்க மாட்டார்.

"உட்கார இடம் கெடச்சுதா?"

"முன் சீட்டு."

"காசு கேட்டானா?"

"என்கிட்டயா? கேட்டுடுவானா?"

அவள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். "மாமா, வந்துடுங்க" என்றாள். அன்றைக்கு அவரை அவள் மாமா என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். அவர் ஏதோ சொன்னார், பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. பிறகு போன் போகவே இல்லை. இவர் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும், அதை என்றைக்குத்தான் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்.

விடியும்போது வாண்டு போய்விட்டாள். கை சிவப்பு நூலின் மேலேயே இருந்தது. நான்தான் விரலைப் பிரித்தேன்.

மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போடும் வேலைகளுக்கு அலைந்துகொண்டிருந்தார். நர்ஸ் கம்பளியைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். தப்பும் தவறுமாகச் சுருட்டியிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதை ஒழுங்காக மடித்தேன். மடித்துப் பக்கத்தில் வைத்தேன். கூட்டம் வர ஆரம்பித்தது. ஒருவர் வந்து, "இங்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார். "வர்றாங்க" என்றேன். இன்னொரு அம்மா கேட்டாள். அவளிடமும் வர்றாங்க என்றேன். யாரையும் உட்கார விடவில்லை.

உட்கார்ந்த நேரம் முழுவதும் மனதுக்குள் வசவு சேர்த்துக்கொண்டிருந்தேன். வரட்டும். அந்த ஆரஞ்சு என்ன தங்கமா? அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா உனக்கு என்ன கிரீடமா வைக்கப் போறாங்க? வாயில் வந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

உச்சிவெயிலில் வந்தார். சட்டையெல்லாம் தூசி. கையில் அதே ஆரஞ்சுப் பை. சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, முத்திரை குத்தியிருந்தது தெரிந்தது. கம்ப்ளெயின்ட் நகல். வேகமாக வந்தவர், என் பக்கத்தில் பெஞ்சின்மேல் கம்பளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அது அவள் மேல் இல்லையே. கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

நான் வாயைத் திறந்தேன். அடுக்கி வைத்ததில் ஒன்றுகூட வரவில்லை. "இடம் போட்டு வச்சிருக்கேன், உட்காருங்க" என்றேன்.

பையைக் காலடியில் வைத்தார். கம்பளியை எடுத்தார், அந்த இடத்தில் உட்கார்ந்தார், அதை மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் மூலையில் சிவப்பு நூலைத் தேடியது.

"வண்டி நிக்கும்னு நெனச்சேன்" என்றார்.